மலையோடையும் ஊராரும்

மழைக்குப் பஞ்சமில்லாத ஊர் கினிகத்தேனை. தென்மேல் பருவக்காற்று கடலைக் கடந்து இலங்கையின் மேற்குக் கரையில் ஏறி, உள்நாட்டில் எதிர்ப்படும் பெரிய மலைச்சுவரில் மோதித் தன் சுமையை இறக்கிவைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. அவ்வூரை அடுத்த கெனில்வர்த் தோட்டமும், சற்று அப்பாலுள்ள வட்டவளையும் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைப் பெறுவன. இத்தீவிலேயே மிகுந்த மழை பெறும் இடங்கள் எனப் பெயர் பெற்றவை. இத்துணை மழை பொழியும் மலைநாட்டில், கடைவீதிகளின் பின்புறம் ஓடும் சிற்றோடைகள் கறுத்து நாறுவதும், லயங்களில் வாழ்வோர் நல்ல தண்ணீருக்காகக் குடத்துடன் நெடுந்தூரம் நடப்பதும் புதிராகத் தோன்றலாம். அப்புதிரை அவிழ்க்க வேண்டுமாயின் மலைநாட்டு ஓடைகளின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

கினிகத்தேனையைச் சூழ்ந்த மலைகள் நீரைப் பகுத்துக் கொடுக்கும் மலைகள். அவற்றின் தென்புறம் இறங்கும் நீர் கெஹெல்கமு ஓயாவைச் சேர்கிறது. அந்த ஓயா அபர்டீன் நீர்வீழ்ச்சியாக 98 மீற்றர் உயரத்திலிருந்து குதித்து, பின்னர் மஸ்கெலியா ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகி, கித்துல்கலை, அவிசாவளை வழியாகச் சென்று கொழும்புக்கு வடக்கே கடலில் கலக்கிறது. வட்டவளைப் பக்கம் விழும் நீரோ நாவலப்பிட்டியை நோக்கி ஓடி, மகாவலியாகிக் கண்டி மாநகரை வளைத்து, தீவின் மறுகரையில் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவை அடைகிறது. பெய்வது ஒரே மழை. சேருமிடமோ மேற்கே ஒரு கரை, கிழக்கே ஒரு கரை. கொழும்பு மாநகரத்தார் பருகும் நீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுத்துத் தூய்மை செய்யப்படுவது. ஆதலின் மலையுச்சியில் ஓர் ஓடையில் எறியப்படுவது அவ்வூரோடு நின்றுவிடுவதில்லை.

கினிகத்தேனை என்னும் பெயரே ஒரு பழைய செய்தியைச் சொல்கிறது. 'கினிகத்' என்ற சிங்களச் சொல் தீப்பற்றியதைக் குறிக்கும். 'ஹேன' என்பது காட்டை வெட்டி எரித்துச் சில காலம் பயிரிட்டு, மீண்டும் காடாகுமாறு விட்டுவிடும் சேனை நிலம். அத்தகைய சேனை நிலம் சிறிது. அதைச் சுற்றியிருந்த காடோ பெரிது. மழை நீரை இலையும் வேரும் தாங்கி, மெல்ல மெல்ல ஓடைக்கு விட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பிப் பயிர் வந்தபோது நிலைமை மாறியது. காடுகள் மலைமலையாக வீழ்த்தப்பட்டன. கோப்பிச் செடிகளுக்கிடையே ஒரு புல்லும் இல்லாதபடி களை பிடுங்குவதே நல்ல தோட்டத்துக்கு அடையாளமெனத் துரைமார் கருதினர். வெறுமையான மண் முதல் மழைக்கே கரைந்து ஓடையில் இறங்கிற்று. 1873ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராக இருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்கலாகாது என்று இலங்கை அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறினார். உயர்ந்த சிகரங்களின் காடுகள் சில அதனாற் பிழைத்தன. அட்டனே ஏறக்குறைய 4,100 அடி உயரத்தில்தான் இருக்கிறது. அதற்கும் கீழேயுள்ள கினிகத்தேனைச் சரிவுகளுக்கு அந்த எல்லைக்கோடு எவ்விதப் பாதுகாப்பையும் அளிக்கவில்லை.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிவைத்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும் 1884இல் அட்டனையும் எட்டியது. தேயிலையுடன் தமிழகத்திலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் தங்கி வாழ வந்தன. அவர்களுக்கென லயங்கள் எழுந்தன. லயத்துக்கு அருகே மலையிலிருந்து கசியும் நீரை மூங்கிற் குழாய் வைத்து விழச்செய்த பீலியே குடிப்பதற்கும் குளிப்பதற்கும் துவைப்பதற்கும் உரிய இடமாயிற்று. மாரியம்மன் திருவிழாவில் கரகம் பாலிக்க ஓடைக்கரைக்குச் செல்லும் வழக்கத்தை நோக்கினால், அந்த நீரிடம் மக்கள் வைத்திருந்த மதிப்பு விளங்கும். ஆயினும் லயங்களைக் கட்டியோர் மலசலகூடங்களைப் பற்றி நெடுங்காலம் எண்ணவில்லை. மக்கள் தேயிலை நிரைகளுக்கிடையே ஒதுங்கினர். மழை அனைத்தையும் கழுவி ஓடைக்குக் கொண்டுவந்தது. மேல் லயத்தின் கழிவு கீழ் லயத்தின் பீலிக்கு வந்து சேர்ந்தது.

இதன் விளைவைக் கண்டறிந்து, முதன்முதலில் முறையாக எதிர்த்து நின்ற முயற்சி 1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியது. அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தைச் சார்ந்த மருத்துவர்கள் இலங்கை அரசாங்கத்துடன் கூடிக் கொக்கிப்புழு நோயை ஒழிக்க முனைந்தனர். கொக்கிப்புழுவின் முட்டை மனித மலத்துடன் மண்ணை அடைந்து, ஈரமும் நிழலுமுள்ள இடத்தில் பொரித்து, வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து உடலினுள் நுழையும். தேயிலை மலையின் ஈரமண் அதற்கு ஏற்ற இடம். சோதிக்கப்பட்ட தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரிடம் அந்நோய் இருக்கக் காணப்பட்டது. இரத்தம் குன்றி, களைத்து, வேலைக்குப் போக மாட்டாமல் இருந்தவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசிய காலத்தில், அவர்கள் நோயாளிகள் என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடி காட்டிற்று.

மருந்து கொடுத்ததும் புழு வெளியேறியது. ஆனால் சில திங்களில் அதே மனிதர் மீண்டும் நோயுற்றார். மண் மாறவில்லை அன்றோ? மலசலகூடம் கட்டாமல் மருந்து மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும் என்பதை மருத்துவர்கள் உணர்ந்து வற்புறுத்தினர். தோட்ட நிர்வாகங்கள் பல செலவைக் கருதித் தயங்கின. சில இடங்களிற் கட்டப்பட்டவையும் லயத்துக்குத் தொலைவில், இருளும் நாற்றமும் உடையனவாய், நீரின்றிக் கிடந்தன. அவற்றை மக்கள் நாடாதபோது, பழக்கத்தின் மீது பழி போடப்பட்டது. கூட்டிப் பெருக்க ஆளும், கழுவ நீரும், செல்ல வழியும் இருந்த இடங்களில் அவை பயன்பட்டன என்பதே அனுபவம் தந்த பாடம். 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு இப்பாடத்தை ஊர்மக்களிடம் கொண்டு சென்று, வீடு வீடாக அறிவுறுத்தும் முறையை வளர்த்தது.

மண்ணைப் பற்றிய கவலையும் இதே காலத்தில் எழுந்தது. மண்ணரிப்பை ஆராய அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கை 1931இல் வெளியாயிற்று. 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனைகளும் தோட்டங்களை அடைந்தன. சரிவின் குறுக்கே கான் வெட்டுதல், கானில் வண்டல் தேங்கக் குழி விடுதல், நிழல் மரம் வளர்த்தல், பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யுமுன் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றுதல் ஆகிய முறைகள் பரவின. மழையிலும் பனியிலும் நின்று அக்கான்களை வெட்டியவர்கள் தோட்டத் தொழிலாளரே. மலைநாட்டு மண்ணில் இன்று எஞ்சியிருப்பதில் அவர்கள் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது.

பொறியியலாளர்களுக்கும் ஓடைகளின்மேல் நாட்டம் பிறந்தது. மலையருவிகளின் வலிமையால் மின்சாரம் பெறலாமென்று டீ. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஆய்வுரை எழுதினார். நெடுங்காலத் தடைகளுக்குப் பின் 1950இல் லக்சபானை நிலையம் இயங்கலாயிற்று. காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இலும், மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969இலும் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் மூழ்கியது. கோடையில் நீர் வற்றும்போது அதன் பழைய கோயில்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. அணைக்கு வேண்டுவது வண்டலற்ற நீர். தோட்டத்தில் கரையும் மண் ஒவ்வொன்றும் நீர்த்தேக்கத்தின் அடியிற் படிந்து அதன் கொள்ளளவைக் குறைக்கும்.

இவ்வாறு மண்ணுக்கு ஒருவர், நோய்க்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர் என ஓடையைப் பங்கு போட்டுக் கவனித்தனர். கடைவீதியின் கழிவு நான்காமவரிடம், அதாவது உள்ளூராட்சி மன்றத்திடம் விடப்பட்டது. இங்கேதான் வரலாற்றின் கடினமான முடிச்சு ஒன்று விழுந்தது.

மலைநாட்டுச் சந்தி நகரமொன்றை மனக்கண்ணிற் கொண்டுவருக. மேலே தோட்டம், நடுவே பெருந்தெருவை ஒட்டிய கடைகள், கீழே கிராமத்தின் வயல். ஓடை மூன்றையும் ஊடறுத்துச் செல்கிறது. அதன் நீரிலே தோட்டத்தின் உரமும் மண்ணும், லயத்தின் கழிவும், உணவுச் சாலைகளின் எண்ணெய் நீரும், இறைச்சிக் கடைக் கழிவும், வாகனங்களின் கழிவெண்ணெயும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன. கோடை நாள்களில் தெருவிலும் கூரையிலும் படிந்த அழுக்கு முழுவதும் முதல் மழையில் ஒரே மூச்சில் ஓடைக்கு வருவதால், அந்த முதல் மழைநீரே மிகவும் கேடு விளைப்பதாகும். ஓடைக்கு இவ்வளவு பேர் பங்காளிகள். நிர்வாகமோ தோட்டத்தின் எல்லையில் வந்து நின்றுவிட்டது.

1937ஆம் ஆண்டுக் கிராமச் சங்கச் சட்டத் திருத்தம், தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளரைக் கிராமச் சங்க வாக்குரிமையிலிருந்து விலக்கி வைத்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதையடுத்து 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. அக்குறை படிப்படியாகக் குறைந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோருக்கும் குடியுரிமை கிட்டிற்று. இதற்கிடையே 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. ஓடை பிறக்கும் இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு, அந்த ஓடையைப் பேண வேண்டிய சபையில் முதலில் வாக்கில்லை. வாக்குக் கிடைத்த பின்னரும் சபையின் பணம் அவர்கள் வாயிலுக்கு வர வழியில்லை. கடைவீதிக் கானைச் சபை வாரிக்கொண்டே இருந்தது. மேலிருந்து வருவது வந்துகொண்டே இருந்தது.

நுவரெலியாவின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1873இல் தேசாதிபதி வில்லியம் கிரகரி காலத்தில் தலகல ஓடையை மறித்து அமைக்கப்பட்ட ஏரி அந்நகரின் அணிகலன். சுற்றிலும் நகரம் வளர்ந்தது. மரக்கறித் தோட்டங்கள் பெருகின. அவற்றின் மண்ணும் உரமும் ஏரியில் இறங்கி வண்டலையும் பாசியையும் வளர்த்தன. தூர் வாரிக் கரையை அழகு செய்தும், சரிவுகளிலிருந்து வருவதை நிறுத்தாதவரை வண்டல் மீண்டும் வந்து படிகிறது. ஏரியைத் துப்புரவு செய்யும் வேலை ஏரிக்கரையில் தொடங்குவதன்று, மலைச்சரிவிலே தொடங்குவது.

ஊரார் கூடி உழைக்கும் மரபு இந்நாட்டில் இல்லாமற் போகவில்லை. கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. டீ. ஆரியரத்ன 1958ஆம் ஆண்டில் தம் மாணவர்களைக் கனதொலுவை என்னும் பின்தங்கிய சிற்றூருக்கு அழைத்துச் சென்று, ஊராருடன் சேர்ந்து கிணறு வெட்டியும் மலசலகூடம் அமைத்தும் வாழச் செய்தார். சர்வோதய சிரமதான இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. சிரமதானம் என்ற சொல்லே பின்னர் மூலைமுடுக்கெல்லாம் பரவிற்று. இன்றும் பள்ளிப் பிள்ளைகளும் கோயில், விகாரைச் சபையாரும் வர்த்தக சங்கத்தாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியுடன் இறங்கினால், ஓர் ஓடையிலிருந்து வண்டிக்கணக்கில் குப்பை வெளியேறிவிடும். ஆனால் அடுத்த திங்களில் அதே குப்பை அங்கே திரும்புவதையும் பலர் கண்டிருப்பர். கூடி உழைத்த ஊரார் கூடித் தீர்மானிக்கும் அமைப்பையும் உண்டாக்கிக்கொள்ளாதபோது அவ்வுழைப்பு ஒரு நாட் கொண்டாட்டமாகி விடுகிறது.

மேற்கரையாரும் கீழ்க்கரையாரும் ஒன்றுபடாதபோது நேரும் இழப்பைத் தமிழகத்து நொய்யலாறு காட்டுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோயம்புத்தூர் வழியாகத் திருப்பூரைக் கடந்து காவிரியைச் சேரும் அவ்வாற்றில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் பல்லாண்டுகள் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீரின் தேக்கமாகி, உழவரின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. கீழ்க்கரை உழவர்கள் நொய்யலாற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கமாகக் கூடி நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரை ஒரு சொட்டும் ஆற்றில் விடலாகாது என்று 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. அது நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. உழவர் தம் நிலத்தை இழந்திருந்தனர். இப்போது பட்டறைத் தொழிலாளர் தம் கூலியை இழந்தனர். முன்னரே ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தால் இரு சாராரின் துன்பமும் பெரிதும் குறைந்திருக்கும்.

இதற்கு மாறான வேறொரு முறையைச் சிங்கப்பூரிற் காணலாம். அங்குள்ள சிங்கப்பூர் ஆற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சரக்குப் படகுகளைச் செலுத்தியோரில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ்ச் சூலியா முஸ்லிம்கள் முதன்மை பெற்றிருந்தனர். நகரம் வளர வளர அந்த ஆறு திறந்த சாக்கடையாயிற்று. 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் அதைத் தூய்மையாக்க வேண்டுமென்று அதிகாரிகளுக்குப் பணித்தார். அதிகாரிகள் நீரைப் பார்ப்பதற்கு முன் கரையைப் பார்த்தனர். கழிவுநீர் வசதியற்ற குடிசைகளில் வாழ்ந்த சுமார் 26,000 குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கொடுக்கப்பட்டன. தெருவோரம் உணவு விற்ற சுமார் 5,000 பேருக்கு நீரும் வடிகானும் உள்ள அங்காடிகள் கட்டப்பட்டன. பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. 1983இல் படகுகள் வேறிடத்துக்குச் சென்றன. 1987இல் பணி முடிந்தது. பின்னர் 2012இல், பீஷான் பூங்காவில் 2.7 கிலோமீற்றர் நீளமான கொங்கிறீற்றுக் கால்வாயை உடைத்து, புல்லும் கல்லும் மரமும் தாங்கிய கரைகளுடன் 3.2 கிலோமீற்றர் நீளமாக வளைந்தோடும் ஆறாக மாற்றினர். வளைவும் செடியும் நீரின் வேகத்தைத் தணித்து, அழுக்கை வடிக்கின்றன.

சிங்கப்பூரின் செல்வமும் அதிகாரமும் மலைநாட்டுச் சிற்றூர்களுக்கு இல்லை. பழைய இடத்தை விட்டுச் சென்ற படகோட்டிகள் எல்லோரும் மனமுவந்து சென்றனர் என்றும் சொல்லுதற்கில்லை. எனினும் அங்கு நிகழ்ந்ததில் எங்கும் பொருந்தும் உண்மை ஒன்றுண்டு. ஓடையை அழுக்காக்கியவர்கள் வேறு வழியற்றவர்கள். அவர்களுக்கு மாற்று வழி கொடுத்த பின்னரே தடை பயன் தந்தது. 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் மருத்துவர்கள் கண்டதும் இதுவே.

இலங்கையில் 1980ஆம் ஆண்டுத் தேசிய சுற்றாடல் சட்டம் நீர்நிலைகளை மாசுபடுத்துவதைக் குற்றமாக்கியது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள்ளும் சபைகள் பணியாற்ற வழி திறந்தது. அதே காலத்தில் அம்பகமுவ பிரதேச சபை மூன்றாகப் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா ஆகிய இடங்களுக்கும் தனிச் சபைகள் கிடைத்தன. எண்பதாண்டுகளுக்கு மேலாக ஓடையின் குறுக்கே கிடந்த சட்டவேலி அகன்றது. தோட்டமும் கடைவீதியும் கிராமமும் ஒரே ஓடைக்காக ஒரே அவையில் அமர்வதற்கு இனிச் சட்டம் தடையன்று.

அவ்வாறு அமர்வோர் செய்யத்தக்க வேலை மறைபொருளன்று. தோட்டத்துச் சரிவில் கானும் வண்டற் குழியும் பழுதுபார்க்கப்பட வேண்டும். ஓடையின் இருமருங்கும் சில அடி அகலத்துக்கு மருந்தும் உரமும் இடாமல் புல்லும் மூங்கிலும் மரமும் வளர விடவேண்டும். லயந்தோறும் நீர் வசதியுடன் மலசலகூடங்களும், கழிவு ஊறிச் செல்லக் குழிகளும் வேண்டும். கடைவீதியில் மழைநீர்க் கானும் அழுக்குநீர்க் கானும் வேறாக வேண்டும். உணவுச் சாலையின் எண்ணெயும் பட்டறையின் கழிவெண்ணெயும் தொட்டியிற் பிடிக்கப்பட வேண்டும். இவை யாவும் சிறிய வேலைகள். ஒருவர் செய்து மற்றவர் செய்யாது விட்டால் ஒன்றும் பயன்படாத வேலைகளுமாம்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மலைநாட்டுச் சரிவுகள் பல இடங்களிற் சரிந்து பேரிழப்பை உண்டாக்கின. அத்தகைய பெருமழையை எந்தக் கானும் தடுத்துவிடாது. ஆயினும் அடைபட்ட ஓடையும் வேரற்ற கரையும் அழிவைப் பெருக்கும் என்பதையும், அவ்வழிவு முதலில் சரிவின் விளிம்பில் வாழும் ஏழைகளின் வாயிலைத் தட்டும் என்பதையும் மலைநாட்டார் அறிவர்.

கோப்பிக் காலத்திலிருந்து மலைநாட்டு ஓடையை நாடி வந்தோர் பலர். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய பங்கையே பேணினர். ஓடையின் முழு நீளத்தையும் அறிந்தோர் அதன் கரையில் வாழும் மக்களே. பீலியில் குடம் வைப்பவருக்கும், கடைக் கானைக் கழுவுபவருக்கும், வயலுக்கு மடை திறப்பவருக்கும் ஓடை ஒன்றே. அவர்கள் மூவரும் ஒருங்கே பேசும் நாளில் கினிகத்தேனையின் மழை, களனி வழியாகக் கொழும்புக்கும் மகாவலி வழியாகத் திருகோணமலைக்கும் நல்ல நீராகவே செல்லும்.